ஐந்து ரோஸ் சட்டைகள்

எந்தத் துணி கடைக்கு வந்தாலும் அவள் முதலில் அதை நம்பமாட்டாள். சலவைக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுப்பாள். நனைத்துப் பிழிந்து, அதில் ஒரு பொட்டு சோப்பு வைத்து, வந்த துணியின் உள்பக்கம் தையல் ஓரமாகப் பத்து எண்ணும்வரை தேய்ப்பாள். பிறகு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நிறம் ஏறியிருந்தால் தனிக் கூடை, ஏறாவிட்டால் மற்ற துணிகளோடு. இருபத்தெட்டு வருஷமாகக் கடையிலும் வீட்டிலும் இதே கூத்துதான். தெருவே அவளை வெள்ளத்துணி அக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே "அப்படி இங்க யாரும் இல்லையே" என்பார்.

வாய் மட்டும் சாதாரண வாய் இல்லை. ஒருநாள் ஓர் ஆள் கருநீலத்தில் புது கால்சட்டை கொண்டுவந்து, "இதைத் தேய்ச்செல்லாம் பார்க்க வேணாம்க்கா. சாயமே போகாதுன்னு கடைக்காரர் சத்தியம் பண்ணிக் குடுத்தாரு" என்றார்.

"அப்படியா? அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் ஒரே பக்கெட்டுல ஊறவைப்போம். எது வெளுக்குதுன்னு பார்த்துடலாம்" என்றாள் அவள்.

உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். "சாயம் ஏத்துற இடத்துல போட வேண்டியது அது. வீட்டு பக்கெட்டுல ஒரு பிடி உப்பைப் போட்டுட்டு அது காவல் காக்கும்னு படுத்துத் தூங்கினா எப்படிங்க?" என்பாள். அவள் சொல்லும் வழி சுருக்கமானது. புதுத்துணியை, அதுவும் சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால், முதல் மூன்று தடவை தனியாகத் துவைக்க வேண்டும். உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிப் போட வேண்டும். பச்சைத் தண்ணீர் போதும். மெஷின் நின்ற கையோடு துணியை வெளியே எடுத்துவிட வேண்டும். "சாயம் தண்ணியில போறதைவிட ஈரத்துல குவிஞ்சு கிடக்கும்போதுதான் அதிகமா ஒட்டும். துவைச்சு முடிச்சாச்சுன்னு நீங்க டிவி பார்க்கப் போயிடுவீங்க. அது அங்க அதோட வேலையைப் பார்த்துட்டு இருக்கும்."

இவ்வளவு கண்டிப்பான பொம்பளைதான், ஆனால் அழுகிற முகத்தோடு யாராவது வந்துவிட்டால் இளகிப்போவாள். வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டு, நிறம் மாறிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருத்தராவது வருவார். அவரை உட்காரவைத்து, "அழாதீங்க. எங்க வீட்டுக்காரர் பண்ணினதுக்கு இது ஒண்ணுமே இல்ல" என்று ஆரம்பிப்பாள். அந்தக் கதையை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. கடை முதலாளியம்மாவுக்கு அது மனப்பாடம். எங்கே இருமவேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்கவேண்டும் என்பது வரைக்கும் அவர் சொல்லிவிடுவார்.

கதை இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டில் இவளும் அவரும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்று மொத்த டெப்போவையும் ஒரு விசிலில் ஆட்டிவைப்பவர். அவருக்கு யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து இவள் வீட்டுக்கு வந்து பார்த்தால், படுக்கைமேல் ஐந்து சட்டைகள். ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, காலர் மடங்காமல், அழகாக அயர்ன் பண்ணி அடுக்கி வைத்திருக்கிறது. ஐந்தும் ரோஸ்!

"நான் கேட்டேன், 'ஏங்க, டெப்போவில ட்ரெஸ்ஸை மாத்திட்டாங்களா?' அதுக்கு இவரு, 'லேசா கலர் ஏறிடுச்சு'ங்கிறாரு. லேசா! அஞ்சு சட்டை, ரெண்டு பனியன், என் பாவாடை, தலையணை உறை, கைக்குட்டை, வீட்ல வெள்ளைன்னு ஒண்ணு மிச்சமில்ல. என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? எங்க அண்ணி ஆசையா வாங்கிக் குடுத்த புது மெரூன் விரிப்பைத் தூக்கி எல்லாத்தோடவும் ஒரே மெஷின்ல போட்டுட்டாரு! இவ்வளவுக்கும் பொண்டாட்டி யாரு? வெள்ளத்துணி அக்கா! சிரிச்சு சிரிச்சு எனக்குத் தையல் பிரிஞ்சிடும்போல ஆயிடுச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், நிறுத்த முடியல."

இந்த இடத்தில் அழுதுகொண்டு வந்தவரும் சிரித்துவிடுவார். கதையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "அன்னிக்கே சொல்லிட்டேன், 'சாமி, இனிமே இந்த வீட்ல எதுலயும் கையை வைக்காதீங்க'ன்னு. இன்னிக்கு வரைக்கும் வைக்கலையே, மனுஷன்!"

அது என்னவோ உண்மைதான். அவர் வைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் ஜன்னலோரம் இருக்கும் நாற்காலியில் உட்காருவார். பேப்பர் படிப்பார். டீ குடித்த கோப்பை, வைத்த இடத்திலேயே இருக்கும். துண்டு வேண்டுமென்றால் அலமாரி திறந்திருந்தாலும் "துண்டு எங்க?" என்று கேட்பார். ஒருதடவை கடையில் இவள் வேலையாக இருந்தபோது வீட்டிலிருந்து ஃபோன் செய்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில துணி கிடக்கு. எடுக்கலாமா?" இவள் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு கடையில் இருந்த எல்லாருக்கும் அதைச் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, "எடுங்க சாமி, எடுங்க" என்றாள். அதுவும் கதையோடு ஒரு வாலாகச் சேர்ந்துகொண்டது.

இப்போது அவருக்கு அறுபது ஆகப்போகிறது. இன்னும் மூன்று வாரத்தில் ஓய்வு. மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்று நினைத்தாலே அவளுக்குத் திக்கென்றது. அவளுக்கும் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ஈரப் போர்வையைத் தூக்கினால் உயிர் போகிறது. டாக்டர் கையைக் கொஞ்சம் சும்மா வைக்கச் சொல்லிவிட்டார்.

"ஒத்தாசையா ஒரு கை இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா யார்கிட்ட கேட்க? விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாரு. ஒரு தம்ளரை நகர்த்தமாட்டாரு" என்று முதலாளியம்மாவிடம் புலம்பினாள்.

முதலாளியம்மா பில் எழுதிக்கொண்டே, "நீதானே எதுலயும் கையை வைக்கக் கூடாதுன்ன" என்றார்.

"அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா!" என்றாள் இவள். அதோடு அதை மறந்தும் போனாள்.

வழியனுப்பு விழாவை டெப்போவின் ஓய்வறையில் வைத்தார்கள். நீள மேசையில் கேக், காகிதத் தட்டுகள், ஒரு சுவர்க் கடிகாரம். நாற்காலி போதாமல் டிரைவர்கள் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர் அன்றைக்குத்தான் கடைசியாக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவளே வெளுத்து, அவளே அயர்ன் பண்ணின சட்டை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் அவள் பார்த்தது அந்த வெள்ளையைத்தான். பெருமையாகத்தான் இருந்தது. எல்லாரும் அவரை "ரோஸ் சார்" என்று கூப்பிட்டதும் அவளுக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. பின்னே, அந்தப் பெயர் வந்ததே இவளால்தானே. டெப்போ டிரைவர்களில் பாதிப் பேருக்குத் துணி இவள் கடையில்தான்.

பெரிய குரல்காரரான ஒரு டிரைவர் பேச எழுந்தார். மைக் செட் என்று அவருக்குப் பட்டப்பெயர், கையில் மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"ரோஸ் சார் கதை எல்லாருக்கும் தெரியும். அக்கா கடைக்குப் போறவன் எல்லாம் கேட்டிருப்பான். ஆனா அதுக்கு முன்னால நடந்தது யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். கூடப் போனவன் நான்!"

எல்லாரும் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். எங்கே கூடப் போனார் என்பது புரியாமலேதான் தட்டினாள்.

"அன்னிக்கு மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சதும், 'வாப்பா, ஒரு விரிப்பு வாங்கணும். நாளைக்கு அவ வர்றா. வீட்ல இருக்கிற விரிப்பெல்லாம் முரடு, வயித்துல தையல் போட்டிருக்கு, உறுத்தும்'னாரு சார். கடைக்குப் போனோம். ஒண்ணரை மணி நேரம்! ஒவ்வொரு விரிப்பையும் எடுத்துக் கன்னத்துல வச்சுப் பார்க்கிறாரு. கடைக்காரப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. எனக்கு மானமே போகுது. கடைசியில ஒரு மெரூனை எடுத்து, 'இது மெத்துன்னு இருக்கு, அவளுக்குப் பிடிச்ச கலரும்கூட'ன்னாரு. சரி, கொண்டுபோய் விரிச்சிடுங்க சார்னேன். 'அப்படியே விரிக்கக் கூடாதுப்பா. புதுத்துணியைத் துவைக்காம உடம்புல பட விடக் கூடாதுன்னு அவ சொல்லுவா'ன்னாரு. அங்கதான் விதி விளையாடுச்சு! தண்ணி வர்றது ஒரு மணி நேரம், வீட்ல அஞ்சு நாள் அழுக்கு. அக்கா வந்து பார்க்கும்போது கூடையில ஒரு துணி இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் அள்ளி ஒண்ணாப் போட்டிருக்காரு. அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் டியூட்டிக்கு வந்தாரு பாருங்க, ரோஸ் கலர்ல! கேட்ல நின்ன காவல்காரர் யாரோ புது அதிகாரின்னு நினைச்சு சல்யூட் அடிச்சாரு!"

அறை அதிர்ந்தது. ஜன்னல் திட்டில் இருந்த ஒருத்தர் சிரித்துச் சிரித்துக் கீழே இறங்கிவிட்டார். யாரோ ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார்கள். பிரித்தால் உள்ளே புத்தம் புது ரோஸ் சட்டை. "போட்டுக் காட்டுங்க சார்!" என்று கத்தினார்கள். அவர் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக் காட்டினார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள். உதடு மட்டும் சிரித்தது. கண் கதவுப் பக்கம் போய், எப்போது முடியும் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"அக்கா ரெண்டு வார்த்தை பேசணும்!" என்றார் மைக் செட். "அக்கா வாயால கேட்கணும் அந்தக் கதையை!" எல்லா முகமும் இவள் பக்கம் திரும்பி, சிரிக்கத் தயாராகக் காத்திருந்தது. எழுந்து நின்றாள். ஆயிரம் தடவை சொன்ன கதையின் முதல் வார்த்தைகூட வரவில்லை. அந்த விரிப்பை அண்ணி கொடுத்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அண்ணி, "உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் புது விரிப்பு. யாரையும் கேட்கவில்லை, அண்ணிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"அது நல்ல விரிப்பு. இன்னும் கிழியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதையும் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால் சிரிக்கவைத்தவள், இத்தனை பேருக்கு முன்னாலேயே ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் இல்லாதவளா அவள்? அந்த ஒரு நிமிஷத்தை விட்டதற்காக அவள் பிறகு தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மடியில் கடிகாரம், அதன்மேல் ரோஸ் சட்டைப் பொட்டலம். இரண்டாவது ஸ்டாப் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"என்னங்க, விரிப்பு நீங்க வாங்கினதா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "நீ சிரிச்சுக்கிட்டு இருந்த. அஞ்சு நாளா ஆஸ்பத்திரியில வலியில முனகிக்கிட்டு இருந்தவ. வீட்டுக்குள்ள வந்ததும் அப்படிச் சிரிச்ச. எனக்கு அதைக் கெடுக்க மனசு வரல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"அப்புறம் அது கதையாயிடுச்சு. எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு. நடுவுல போய் நான் என்னத்தைச் சொல்ல?"

அவளுக்கு உள்ளே இன்னொன்று குடைந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாதது, கதையில் ஒருநாளும் வராதது. கதையில் அந்தச் சட்டைகள் தொலைந்துபோனவை, மீட்கவே முடியாதவை. அது பொய். அயர்ன் பண்ணினதால் சாயம் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடையில் வெளுப்புப் பவுடர் இருந்தது. வெந்நீரில் கரைத்து இரண்டு முறை ஊறவைத்திருந்தால் ஐந்தும் பளிச்சென்று வந்திருக்கும். அவளுக்கு அது கைவந்த வேலை. முதலில் உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டாள். ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனபோது, தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் அவள் சொன்ன கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவர் ரோஸ் சட்டையில் வந்து நின்றால் கடையே கலகலத்தது. கொஞ்ச நாள் போட்டுக்கொண்டு போகட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று விட்டுவிட்டாள். டெப்போவில் அடுத்த யூனிஃபார்ம் கொடுக்கும்வரைக்கும், நாலு மாதம், அந்த மனிதர் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

"அந்தச் சட்டையை நான் அப்பவே வெளுத்துக் குடுத்திருக்கலாம்ங்க. கடையில பவுடர் இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போக கடைக்கு வந்திருந்தேன். ஒருத்தர் சட்டை என்னுது மாதிரியே ஆகியிருந்துச்சுபோல. நீ அதை வெளுத்து, மடிச்சு, அவர் கையில குடுத்துக்கிட்டு இருந்த. 'பாருங்க, புதுசு மாதிரி இருக்கா'ன்ன. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன்."

ரோஸ் சட்டையில். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அடுத்து அவர்கள் ஸ்டாப் வந்தது. அவர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

மறுநாள் காலையில் அண்ணிக்கு ஃபோன் செய்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. "ஏன் அண்ணி, அந்த மெரூன் விரிப்பு நீங்க வாங்கினது இல்லையாமே!"

"எந்த விரிப்பு?" என்றார் அண்ணி. நாலு முறை ஞாபகப்படுத்தியபிறகு, "ஓ, அதுவா! நானும் யோசிச்சேன், நாம எப்ப வாங்கினோம்னு. நீ அவ்வளவு சந்தோஷமா தேங்க்ஸ் சொன்ன. வேணாம்னா சொல்லுவாங்க?" என்றார். கோபப்படவும் முடியாமல் ஃபோனை வைத்தாள். அண்ணியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இது எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று வீட்டிலிருந்த மனிதரிடம் இவள் கேட்டிருந்தால் போதுமே. வருகிற துணி ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டுத் தேய்த்துப் பார்க்கிறவள், தன் நினைப்பை மட்டும் ஒருதடவைகூடத் தேய்த்துப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் இங்கே அங்கே போகும்போது காலைத் தூக்கி வழிவிட்டார். அதுவரை சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அது. இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. அடுத்த வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் அப்படித்தானே உட்காருவோம், எதையும் தொடாமல், இடைஞ்சலாக இல்லாமல்? இந்த வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். இதை மாற்றியே தீருவது என்று அவள் முடிவு செய்தாள். எப்படியாவது அந்தக் கையை மறுபடி இந்த வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். மணிக்கட்டு வலிக்காக இல்லை. வலி கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுக்குக் கூடையைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாள். "என்னங்க, எனக்குக் கை முடியல. இன்னிக்கு நீங்க மெஷின் போடுங்க."

அவர் பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். அதில் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. இல்லை என்று தெரிந்ததும் எழுந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போனார். அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

அவர் ஒரு வெள்ளைப் பனியனை எடுத்தார். அதை உயர்த்திப் பிடித்து, "இதைப் போடலாமா?" என்று கேட்டார்.

"போடுங்க."

அடுத்து ஒரு வெள்ளைத் தலையணை உறை. "இது?"

"போடுங்க."

வெள்ளைக் கைக்குட்டை. இம்மியளவு நிறம் இல்லாத வெறும் வெள்ளைக் கைக்குட்டை. அதையும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதையும் போடலாம்ல?"

நாற்பது வண்டிகளை ஒரு விசிலில் அனுப்பிய மனிதர். எந்த டிரைவரும் அவர் சொல்லுக்கு மறுசொல் பேசமாட்டாராம். அந்த மனிதர் தன் சொந்தக் கைக்குட்டையைத் தன் சொந்த மெஷினில் போட அவளிடம் அனுமதி கேட்டார். கேலியாக இல்லை, கோபமாகவும் இல்லை. கேட்க வேண்டும் என்று பழகிவிட்டதால் கேட்டார். "போடுங்க, போடுங்க, எல்லாத்தையும் போடுங்க!" என்று அவள் கத்திவிட்டாள். அவர் கை சட்டென்று நின்றது. அவசரமாகக் குரலை இறக்கி, "உங்க இஷ்டம்ங்க. எதை வேணா போடுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அடுத்த துணியை எடுத்தார். "இது?"

பதினேழு துணிகள். பதினேழு முறை கேட்டார். பதினேழு முறை அவள் பதில் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கூடையின் அடியில் அந்த மெரூன் விரிப்பு கிடந்தது. அவள் வேண்டுமென்றேதான் அதை அடியில் வைத்திருந்தாள். இப்போது அது மெரூனே இல்லை, வெளிறிய செங்கல் நிறம். அவர் அதைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"அதையும் போடுங்க" என்றாள் அவள். "இதுங்களோட சேர்த்தே போடுங்க. இனிமே விடுறதுக்கு அதுல சாயமே இல்லைங்க. காலையிலதான் தேய்ச்சுப் பார்த்தேன்." மடியிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டினாள். அதில் ஒரு கறை இல்லை.

அவர் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கினார். குழாயில் நனைத்தார், பிழிந்தார், ஒரு பொட்டு சோப்பு வைத்தார். விரிப்பைப் புரட்டி உள்பக்கம் தையல் ஓரத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்தார். உதடு அசைந்தது, பத்து எண்ணினார். துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவள் செய்வது மாதிரியே, அந்த மணிக்கட்டுத் திருப்பம் வரைக்கும் அப்படியே. இதை எப்போது கற்றுக்கொண்டார்? எத்தனை வருஷம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, யாராவது ஒருநாள் செய்யச் சொல்வார்கள் என்று காத்திருந்தார்? அவளுக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

துண்டு வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் அதை நன்றாகப் பார்த்தார். பிறகு விரிப்பை நாலாக மடித்துத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார்.

"எதுக்கு வம்பு?" என்றார் மெதுவாக. "இது தனியாவே இருக்கட்டும்."

மெஷினை மூடினார். அது சுற்ற ஆரம்பித்தது. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். பக்கத்திலேயே கொடி இருந்தது, ஆணி இருந்தது, மூன்று வாளிகள் இருந்தன.

"இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்க வீடுங்க இது" என்றாள் அவள். "உங்களுக்குத் தோணின இடத்துல வைங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் இடத்தைச் சொல்வதற்காக அங்கேயே நின்றார்.